ஏழு மணிச் சங்கு

மகாராஷ்டிரத்தின் சாங்லி மாவட்டத்தில் மோகித்யாஞ்சே வட்காவ் என்றொரு கிராமம். ஏறக்குறைய 3,000 பேர் வாழும் ஊர். 2022 ஆகஸ்டில் அங்கே மாலை 7 மணிக்குக் கோயிலின் மேலிருந்து சங்கு (சைரன்) ஒலிக்கத் தொடங்கியது. சங்கு கேட்டதும் கைப்பேசியையும் தொலைக்காட்சியையும் அணைத்துவிட வேண்டும். 8.30க்கு மறுபடி ஊதும்வரை படிப்பும் பேச்சும்தான்.

கொரோனாக் காலத்தில் பள்ளிகளை மூடி, பாடத்தைக் கைப்பேசிக்குள் கொண்டுவந்து பிள்ளைகளிடம் நீட்டியவர்கள் பெரியவர்கள். பள்ளி திறந்த பிறகும் பிள்ளைகள் அதைக் கீழே வைக்கவில்லை. அந்தக் கவலையில் பிறந்ததுதான் இந்த ஏற்பாடு. ஆனால், சங்கு பிள்ளைகளுக்கு மட்டும் ஊதவில்லை. தாங்களும் தொடர்களில் மூழ்கிக் கிடப்பதை ஊர்ப் பெண்கள் ஒப்புக்கொண்டார்கள். ஊரே அணைப்பது என்று முடிவாயிற்று.

தான் விடாத ஒன்றைப் பிள்ளையை மட்டும் விடச் சொல்வதற்குப் பெரியவருக்கு உரிமை உண்டா?

உண்டு என்பவர்களின் வாதம் எளிதில் தள்ளக்கூடியதல்ல. பெரியவர் வண்டி ஓட்டுகிறார்; பத்து வயதுப் பிள்ளையிடம் சாவியைக் கொடுப்பதில்லை. ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று 2019இல் உலகச் சுகாதார நிறுவனம் சொன்னது வளரும் உடம்பை மனத்தில் வைத்துத்தான். தவிரவும், பலருக்குப் பிழைப்பே கைப்பேசியில் இருக்கிறது. ஆட்டோக்காரருக்குச் சவாரி அதில்தான் வருகிறது.

என்றாலும் வண்டி உவமை பாதி வழியில் நின்றுவிடுகிறது. வண்டி ஓட்டுபவர் பழகி, உரிமம் வாங்கி ஓட்டுகிறார். கைப்பேசியில் எந்தப் பெரியவருக்கு அப்படி ஒரு தேர்ச்சி இருக்கிறது? தள்ளத் தள்ள முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கும் திரையை 2006இல் வடிவமைத்த அசா ராஸ்கின், பிற்பாடு அதற்காக வெளிப்படையாகவே வருந்தினார். அந்தத் திரை வயது பார்த்து இழுப்பதில்லை. நள்ளிரவில் ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருக்கும் தந்தையும் போர்வைக்குள் விளையாடும் மகனும் ஒரே சுழலில்தான் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் மகன் கையிலிருந்து மட்டும் பிடுங்கினால் அவன் கட்டுப்பாட்டைக் கற்பதில்லை. வலுத்தவர் வைத்துக்கொள்ளலாம் என்பதைத்தான் கற்கிறான்.

சோறூட்டும்போது கைப்பேசியைக் காட்டும் தாயைப் பழிப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. அது நியாயமில்லை. வேலைக்குப் போய்வந்து, சமைத்து, ஒண்டியாக இரண்டு பிள்ளைகளைச் சமாளிப்பவளுக்கு அறிவுரை எதற்கு? கூடமாட உதவ இன்னோர் ஆள் வேண்டும். பல வீடுகளில் அந்த ஆள் பக்கத்து அறையிலேயே, கையில் கைப்பேசியோடு உட்கார்ந்திருக்கிறார்.

பிள்ளைக்கு எல்லை வகுக்கும் பொறுப்பு பெரியவருடையதுதான். அதில் மாற்றுக் கருத்து இல்லை. அந்த எல்லை தன்னையும் கட்டும்போதே அது நியாயமாகிறது. வட்காவில்கூடச் சங்கு ஒலித்தவுடன் எல்லாம் அடங்கிவிடவில்லை. தொடக்கத்தில் ஊர்க்காரர்கள் வீடுவீடாகப் போய் அணைக்கச் சொல்ல வேண்டியிருந்தது.

இன்று இரவு பிள்ளையிடம் கைப்பேசியைக் கேட்டு வாங்கப்போகும் பெற்றோரே, முதலில் உங்களுடையதை அணைத்து அலமாரியில் வையுங்கள். பிறகு கேளுங்கள்.