சாயமும் மௌனமும்

வாப்பா மௌத்தான பிறகு, அவருடைய இழுப்பறையில் ஒரு கடதாசிப் பொட்டலம் கிடைத்தது. உள்ளே சிவப்புக் கல். அசிட்டோனில் நனைத்த பஞ்சால் துடைத்தேன், பஞ்சு சிவந்தது. வெடிப்புகளுக்குள் சாயம் ஏற்றிய கல். இரத்தினபுரியில் கல் வியாபாரம் செய்பவர்களுக்கு இது புதிதல்ல.

சாயத்தின் மீது குற்றமில்லை. மெதிலீன் நீலம் கரைந்த நீரில் மொன்மொரிலோனைட் என்னும் களிமண்ணைக் கலந்து பாருங்கள். களித்தகடுகளின் பரப்பில் மறை மின்னேற்றம்; சாய மூலக்கூறில் நேர் மின்னேற்றம். எவரும் ஏவாமலே மூலக்கூறுகள் போய் ஒட்டுகின்றன. அங்கே அவை நெருங்கி அடுக்காகச் சேரும்போது நீலம் ஊதாவாகிறது. மூலக்கூறு அதேதான், சேர்க்கைதான் வேறு.

சேர்க்கையால் நிறம் மாறுவது இயற்கை என்றால், மனிதன் மாற்றுவது மட்டும் மோசடியா? 'கெவுட' என்னும் பால்நிறக் கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் இங்கிருந்து மலிவாக வாங்கிச் சென்று, கடும் சூட்டில் நீலக்கற்களாக்கினர். கல்லுக்குள் இருந்த இரும்பும் டைட்டேனியமுமே அந்த நீலத்தைத் தந்தன. அது நிலைக்கும், சாயம் போய்விடும் என்பார்கள். உண்மைதான். ஆனால் சூடேற்றியதை மறைத்து விற்றாலும் மோசடியே. சாயத்தைச் சொல்லி விற்றால் அது வியாபாரம். மழையில் நனைந்த தானியத்தை அடியில் வைத்திருந்த வியாபாரியை நபிகள் (ஸல்) கண்டித்ததை நாமறிவோம். ஈரம் குற்றமல்ல, அதை அடியில் வைத்ததே குற்றம்.

சென்ற வருடம், பலாங்கொடைப் பக்கத் தோட்டத்து இளைஞன் ஒருவன் கலியாண மோதிரத்துக்குக் கல் தேடி வந்தான். அந்தச் சிவப்பிலேயே அவன் கண் நின்றது. சாயமா என்று அவன் கேட்கவில்லை. கேளாததைச் சொல்லத்தான் வேண்டுமா? சாயம் ஏற்றியவன் நானுமல்ல. ஒரு கணம் மனம் இப்படியெல்லாம் கணக்குப் போட்டது.

சொல்லிவிட்டேன். அவன் கல்லை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அப்ப வேணாம் நானா. கையில சாயம் போனா அவ மனசு ஒடைஞ்சிரும்" என்று வைத்துவிட்டுப் போனான்.

வாப்பா அதைத் தெரிந்து வாங்கினாரா, ஏமாந்து வாங்கினாரா, நானறியேன். அடுத்தவர் தலையில் கட்டாமல் வைத்திருந்தார் என்பது மட்டும் தெரியும். ஏமாற்றும் சாயம்போலத்தான், கைக்குக் கை ஒட்டிப் போகும். களிமண்ணைக் கண்ட சாயத்துக்கு விலகி நிற்கத் தெரியாது. மனிதனுக்குத் தெரியும்.

பொட்டலத்தை மடித்து, பழைய இடத்திலேயே வைத்தேன். அதன் மேல் 'சாயம்' என்று எழுதியிருக்கிறேன், எனக்குப் பின் திறப்பவருக்காக.