மறந்துபோகும் பாட்டு

முதியோர் இல்லம் ஒன்றில் இளைஞர் ஒருவர் வயலின் வாசிக்கிறார். தலைகவிழ்ந்து அமர்ந்திருந்த மூதாட்டியின் விரல்கள் மெல்லத் தாளமிடுகின்றன. பெற்ற மகனின் பெயரையே மறந்துவிட்ட அவர், இளமையில் பாடிய பாடலை அடி பிசகாமல் உடன் பாடுகிறார். மறுநாள் கேட்டால், யாரேனும் வந்து வாசித்ததாகவே அவருக்கு நினைவிராது. அவ்வாறெனில் அந்த ஒரு மணி நேரத்தால் விளைந்த பயன்தான் என்ன?

இவ்வினாவை எழுப்புவோர் கல்நெஞ்சர் அல்லர். உணவுக்கும் மருந்துக்குமே பணம் போதாத இல்லங்களை நடத்துவோர் கேட்கும் கேள்வி இது. ஆகவே விடை சொல்லும் கடமை நமக்கு உண்டு.

வயலின் மேதை யெகுதி மெனுகின், இயன் ஸ்டட்ஸ்கர் என்பவரோடு சேர்ந்து 1977-இல் இங்கிலாந்தில் ‘லைவ் மியூசிக் நவ்’ என்னும் அமைப்பை நிறுவினார். அரங்கிற்கு வர இயலாதவரிடம் இசையே செல்லட்டும் என்பது அதன் நோக்கம். பயிற்சியும் ஊதியமும் பெற்ற இளங்கலைஞர்கள் முதியோர் இல்லங்களுக்குச் சென்று வாசிக்கின்றனர்.

ஒலிநாடா போதாதா எனலாம். ஒலிநாடா கேட்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை. நேரில் பாடுபவரோ, முதியவர் சொல் தேடித் தடுமாறுமிடத்தில் நின்று காத்திருப்பார். அவர் விரும்பிய அடியை மீண்டும் எடுத்துக் கொடுப்பார். நாள் முழுதும் பிறரால் கவனிக்கப்படும் ஒருவர், அவ்வேளையில் பிறரோடு சேர்ந்து பாடுபவர் ஆகிறார்.

மிகைப்படுத்தவும் வேண்டா. மறதிநோய் உற்றோருக்கான இசைச் சிகிச்சை குறித்த ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2018-இல் ஒரு மதிப்பீடு வெளியிட்டது. இசை மனச்சோர்வைக் குறைக்கக்கூடும் என்றது அது. அறிவாற்றல் மீள்வதற்கான சான்றை அது காணவில்லை. இழந்த நினைவை இசை மீட்டுத் தருவதில்லை, துயரைத் தணிக்கிறது.

துயர் தணிவது போதாதா? நினைவில் நிற்பது மட்டுமே நன்மை என்றால், தாய் பாடும் தாலாட்டும் வீணே. தொட்டிலில் கேட்ட பாட்டை நம்முள் யார் நினைவில் வைத்திருக்கிறோம்? எனினும் அன்று அழுகை ஓய்ந்தது, உறக்கம் வந்தது. தாய்க்கு அது போதுமானதாயிருந்தது.

இத்தாலிய இசைமேதை வெர்டி, முதிய இசைக்கலைஞர்களுக்காக மிலான் நகரில் இல்லம் ஒன்றைக் கட்டினார். அங்கு வாழ்வோர் தமக்கு நன்றி கூறுவதை விரும்பாமல், தம் மறைவுக்குப் பின்னரே அதைத் திறக்கச் செய்தார். 1901-இல் அவர் காலமானார். 1902-இல் இல்லம் திறக்கப்பட்டது. மறதியுற்றவருக்குப் பாடுபவரும் இத்தகைய கொடையாளரே. நன்றி அவரைத் தேடி வரப்போவதில்லை.

கிறிஸ்து பிறப்புக் காலத்தில் நம் பாடகர் குழுக்கள் முதியோர் இல்லங்களுக்குச் செல்கின்றன. நன்று. சாதாரண மாதம் ஒன்றில் மறுபடியும் சென்றால் என்ன? நாம் பயின்ற பாடலை ஒப்பித்துவிட்டுத் திரும்பாமல், “உங்களுக்குப் பிடித்த பாட்டு எது, பாட்டி?” என்று கேட்டுத் தொடங்குவோம். போன முறை வந்ததை அவர் மறந்திருப்பார். நாம் மறவாதிருப்போம்.