நோயுற்றாள் முன் நாம் சொல்லும் சொல்

நோயுற்றாரை இல்லம் சென்று காண்பது நம் குடும்பங்களில் தொன்றுதொட்டு வரும் நல்வழக்கம். ஆனால் சென்ற இடத்தில் என்ன பேசுவது என்பதை நமக்கு ஒருவரும் கற்பித்ததில்லை. வகுப்பில் எதைப் பேசலாகாது என்று ஆசிரியப் பயிற்சி மாணவியர்க்குப் பல்லாண்டு போதித்த நாமே இதனைக் காலங்கடந்துதான் கற்றோம்.

நம்மிடம் பயின்ற பெண்ணொருத்திக்கு மார்பகப் புற்றுநோய் கண்டது. அறுவை செய்து, மருந்தேற்றி, குணமாயிற்று என்றிருந்தோம். ஐந்தாம் ஆண்டில் அது முதுகெலும்பிற்குப் பரவியிருக்கக் கண்டனர். நான்காம் நிலை என மருத்துவர் கூறுவது இதனையே. எலும்பு, நுரையீரல், கல்லீரல், மூளை ஆகியவற்றுக்குப் பரவியபின் நோயை வேரறுத்தல் பெரும்பாலும் இயலாது. அடக்கி வைத்தல் இயலும். மாத்திரையாலும் ஊசியாலும் ஆண்டுக்கணக்கில் வாழ்வோர் உளர். அவளும் சமைத்தாள், மகளை வளர்த்தாள், மூன்று வாரங்கட்கொருமுறை மருத்துவமனை சென்று வந்தாள். "சிகிச்சை எப்போது முடியும்?" என்று காண்பவரெல்லாம் கேட்டனர். முடியாது என்பதே விடை. அதனை எத்தனை முறைதான் அவள் சொல்வாள்?

உறவினர் ஒருவர், "முன்வினை அம்மா, அனுபவித்துத்தான் தீர வேண்டும்" என்று ஆறுதல்போலக் கூறிச் சென்றார். அன்று பொழுது சாயுமுன் உண்ண வேண்டிய உணவை அவள் தொடவில்லை.

வினைக் கொள்கையை நாம் மறுக்கவில்லை. அசாதா வேதனீய வினையின் உதயத்தால் துன்பம் நேர்கிறது என்பது ஆகமம். ஆயினும், தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயத்தைப் புரட்டிப் பாருங்கள். பிறர்க்குத் துன்பமும் சோகமும் அழுகையும் விளைவிப்போரிடம் அவ்வினையே வந்து சேர்கிறது என்று அங்கேயே உள்ளது. அவள் வினையை எடுத்துரைத்தவர் அவ்வேளை தம் கணக்கில் ஏறியதை எண்ணினாரா?

குற்றம் அவருடையது மட்டுமன்று. பொய்யாமை விரதம் ஏற்ற நாமும் "எல்லாம் சரியாகிவிடும்" என்றோம். இரக்கத்தால் சொன்னதாகவே எண்ணிக்கொண்டோம். உண்மையில் நம் அச்சத்தைத்தான் அச்சொல்லால் மூடினோம். அதன்பின் அவள் தன் வலியைப் பற்றி நம்மிடம் பேசவேயில்லை. பல வாரங்கள் கழித்து, "எதை நினைத்து அஞ்சுகிறாய், அம்மா?" என்று கேட்டபோதுதான் வாய் திறந்தாள். இரவில் எதையும் உட்கொள்ளாத விரதத்தினால், வலி மாத்திரையை விழுங்காமல் விடியும்வரை விழித்துக் கிடக்கிறாளாம்! வீட்டில் ஒருவருக்கும் தெரியாது, மருத்துவருக்கும் தெரியாது.

மருத்துவரிடம் உடன் சென்று சொன்னோம். பன்னிரண்டு மணி நேரம் பயன் தரும் மார்ஃபின் மாத்திரை உண்டென்றும், மாலை வெளிச்சத்தில் ஒன்றும் காலையில் ஒன்றும் கொள்ளலாம் என்றும் அவர் கூறினார். இடையே வலி மிகுந்தால் இரவிலும் சிறிது மருந்து வேண்டும் என்றார். அதற்குத்தான் அவள் தயங்கினாள்.

விரதத்தை விட்டுவிடு என்று சொல்ல நாம் யார்? வேதனையிலேயே மனம் உழல்வதும் ஆர்த்தத் தியானம்தான், அதுவும் விலக்கத்தக்கதே என்று மட்டும் நினைவூட்டினோம். முடிவை அவளிடம் விட்டோம். நான்கு நாள் கழித்து மருந்து கொண்டாள், உறங்கினாள்.

அதன்பின் செவ்வாய்தோறும் சென்று அவள் மகளுக்குக் கணக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தோம். கட்டிலில் சாய்ந்தபடி அவள் கேட்டிருப்பாள். சில நாள், "டீச்சர், மூன்றாவது வரியில் பிழை" என்பாள்.