கொடையா, கூலியா?

மியாமித் துறைமுகத்திலிருந்து கரீபியக் கடலுக்குப் புறப்படும் சொகுசுக் கப்பல்கள் மிதக்கும் நகரங்களுக்கு ஒப்பானவை. 2024 ஜனவரியில் முதற்பயணம் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' 20 தளங்களைக் கொண்டது. ஏறத்தாழ 2,350 பணியாளர்கள் அதில் உழைக்கின்றனர். இத்தகைய கப்பல்களில் உணவு பரிமாறுவோரும் அறை துப்புரவு செய்வோரும் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா போன்ற நாடுகளிலிருந்து மாதக்கணக்கில் குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள்.

முன்பெல்லாம் பயணத்தின் கடைசி இரவில், பணமிட்ட உறையைப் பயணியர் பணியாளரின் கையில் கொடுப்பதே வழக்கம். இன்றோ, ஓர் ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 முதல் 20 டாலர் வரை 'டிப்ஸ்' எனக் கணக்கில் தானாகவே சேர்க்கப்படுகிறது. பல கப்பல்களில், வேண்டாதவர் சொல்லி நீக்கிக்கொள்ளலாம்.

இங்கேதான் கேள்வி எழுகிறது. அடிக்கடி கப்பலேறுவோரில் சிலர், "ஊதியம் தருவது நிறுவனத்தின் கடமை, நாம் ஏன் கொடுக்கவேண்டும்?" என்கின்றனர். வேறு சிலரோ, "நமக்குப் பணிசெய்தவரின் கையிலேயே கொடுப்போம்" என்கின்றனர். இரண்டிலும் நியாயம் உண்டு. ஆயினும், முன்னவர் தொகையை நீக்கும்போது வலிப்பது நிறுவனத்திற்கன்று, பணியாளருக்கே. பின்னவரின் கையோ கண்ணில் படுபவரை மட்டுமே எட்டும். கீழ்த்தளத்தில் துணி வெளுப்பவரையும் பாத்திரம் துலக்குபவரையும் அவர் காண்பதேயில்லை. பல கப்பல்களில் பொதுத்தொகையின் ஒரு பங்கு அவர்களுக்கும் உரியது.

கைம்மாறு கருதாமல், மனமுவந்து தருவதே கொடை. ஒருவரின் வயிற்றுப்பாடு அதை நம்பியிருக்குமானால், அது கொடையன்று, கூலி. கூலியைக் கொடை என்று பெயரிட்டு அழைப்பதில் இரு தீமைகள் உள்ளன: கொடுப்பவர் தம்மை வள்ளல் என எண்ணிக்கொள்கிறார், பெறுபவரோ தமக்கு உரியதைப் பெறவும் புன்னகைக்க வேண்டியவராகிறார்.

சட்டமும் அவர்களை முழுமையாகக் காப்பதில்லை. இக்கப்பல்களுள் பல பகாமாஸ், பனாமா முதலிய நாடுகளின் கொடியைத் தாங்குவதால், அமெரிக்கத் துறைமுகத்தில் பயணியரை ஏற்றினாலும் அந்நாட்டுக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம் அவற்றின் பணியாளருக்குப் பொருந்துவதில்லை. 2006-இல் நிறைவேறி 2013-இல் நடைமுறைக்கு வந்த கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை, எந்த 24 மணி நேரத்திலும் 10 மணி நேர ஓய்வு வேண்டும் என்கிறது. அப்படியாயின், எஞ்சிய 14 மணி நேரமும் வேலை வாங்குவது அவ்விதிக்கு உட்பட்டதே!

அவ்வாறெனில், நாம் செய்யத்தக்கது யாது? நீதியான ஊதியம் பயணக் கட்டணத்திலேயே அடங்கவேண்டும் என்று கேட்பது ஒன்று. அதனால் கட்டணம் உயருமெனில், முகம் சுளிக்காமல் ஏற்பது மற்றொன்று. குறைந்த கட்டணத்தையும் நிறைந்த ஊதியத்தையும் ஒருசேர விரும்புவது எளிது. ஆனால், இடையிலுள்ள வேறுபாட்டை யாரோ ஒருவர் தம் உறக்கத்தால் ஈடுசெய்கிறார். அந்த நீதி வரும்வரை, கணக்கில் எழுதப்பட்ட தொகையைக் கடனெனச் செலுத்துவோம். கடனைத் தீர்த்தபின் மனமுவந்து கையில் வைக்கும் சிறு தொகையே கொடை எனும் பெயருக்கு உரியது.