கையை நம்பு!

தாம்பரத்தில் மின்சார ரயிலேறிச் செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போகும் தம்பியே, தங்கையே, உன்னிடம்தான் பேசுகிறேன்.

நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைக்கத் தயங்காத நீ, முழங்கால் வலியென்று ஓர் அம்மா வந்து உட்கார்ந்தால் ஏன் பின்வரிசைக்கு நழுவுகிறாய்? எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் எலும்பு மூட்டுக்குத் தனித்தாள் கிடையாது, அறுவை சிகிச்சைத் தாளில் ஒரு பகுதிதான் என்ற அலட்சியமா? நாளை தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்தில் நாளெல்லாம் நின்று வேலை பார்ப்பவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உன் ஓபிக்குத்தான் வருவார். அவரிடம் போய்த் தாள் கணக்குச் சொல்வாயா?

கை பழகாது என்று யார் சொன்னது? இன்றிரவே விடுதியில் தொடங்கு. அறைத்தோழனின் முழங்காலைச் செங்கோணமாக மடக்கச் சொல். சில்லின் கீழ்நுனிக்கு இருபுறமும் கட்டைவிரல் வை, பள்ளம் தட்டுப்படும். அங்கிருந்து பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே போ. தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் சந்திக்கும் கோடு விரலில் ஓடும். மெனிஸ்கஸ் ஜவ்வு கிழிந்தவருக்கு வலிக்கும் இடம் பெரும்பாலும் அந்தக் கோடுதான். அழுத்தும்போது கண் அவர் முகத்தில் இருக்கட்டும்; வலியை வாய்க்கு முன்னே முகம் சொல்லிவிடும். வலியில்லாத காலை முதலில் பார். நல்ல மூட்டு நூறு தொட்ட விரலுக்குத்தான் கெட்ட மூட்டு பிடிபடும்.

1992-இல் பிரிட்டனில் 'கால்ஸ்' (GALS) என்ற மூட்டுப் பரிசோதனை முறையை வகுத்தார்கள். நடை, கை, கால், முதுகு எல்லாம் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். தொடக்கம் மூன்றே கேள்விகள்: வலியோ விறைப்போ உண்டா? தானே உடுத்த முடிகிறதா? படி ஏறி இறங்க முடிகிறதா? நம் ஊருக்கு இன்னொன்றும் கேள்: சம்மணம் போட முடிகிறதா?

அரசுப் பள்ளியிலிருந்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்தவளே, ஆங்கிலம் தடுமாறுகிறதென்று கூசாதே! குடையுது, குத்துது, சுளீர்னு இழுக்குது, மரத்துப்போகுது என்று நோயாளி சொல்லும் ஒவ்வொன்றும் உனக்குத் துப்பு. அந்த வித்தியாசம் உன் காதுக்குத் தெரியும். அது உன் பலம்.

2019-இல் வந்த திறன்சார் பாடத்திட்டமே அறி, எப்படியென்று அறி, செய்துகாட்டு, நீயே செய் என்று படி போட்டு வைத்திருக்கிறது. பாதியில் நிற்காதே. அடுத்த போஸ்டிங்கில் முன்வரிசைக்கு வா. நோயாளியிடம் அனுமதி கேள். "சார், நான் பார்க்கிறேன்" என்று உரக்கச் சொல்லிக் கையை வை!