எதுவரை ஓடும்?

கேரள மலைநாட்டில் நிலச்சரிவை ‘உருள்பொட்டல்’ என்பார்கள். ‘நிலச்சரிவு’ என்றால் இருந்த இடத்திலிருந்து மண் சரிவது மட்டும் கண்ணில் தெரிகிறது. அந்த மலையாளச் சொல்லில் பாறை உருளும் ஓசையே கேட்கிறது.

2024 ஜூலை 30, விடிவதற்கு முன்பு, வயநாட்டில் சுமார் 1,550 மீட்டர் உயரத்தில் மலை பொட்டியது. மண்ணும் பாறையும் மரமும் நீரும் ஒரே குழம்பாகி, ஓடையைப் பிடித்துக்கொண்டு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் ஓடின. புஞ்சிரிமட்டம், முண்டக்கை, சூரல்மலை என்று வழியில் கிடந்த ஊர்களையெல்லாம் வாரிக்கொண்டு போயின. சரிந்த இடத்துக்குப் பல கிலோமீட்டர் கீழே உறங்கியவர்களும் பிழைக்கவில்லை. இருநூறுக்கும் மேற்பட்ட உயிர்கள். சாலியாற்றில் வெகுதூரம் வரை உடல்கள் மிதந்து வந்தன.

எங்கே சரியும் என்பது ஒரு கேள்வி. எதுவரை ஓடும் என்பது அதைவிடக் கொடிய கேள்வி. 1881-இல் சுவிட்சர்லாந்தின் எல்ம் கிராமத்தை மலை புதைத்தது. அதை ஆராய்ந்த ஆல்பர்ட் ஹைம், விழுந்த உயரத்தையும் ஓடிய தூரத்தையும் ஒப்பிட்டார். சரிவு எவ்வளவு பெரியதோ, அதே உயரத்திலிருந்து அவ்வளவு தூரம் ஓடுகிறது என்பது அவருக்குப் புலப்பட்டது. இன்று கணினி அந்த ஓட்டத்தை மலையின் ஒவ்வொரு மடிப்பிலும் நடத்திப் பார்க்கிறது. பரவலாகப் பயன்படும் ஒரு முறையில் உராய்வுக்கு இரண்டே எண்கள்: ஒன்று தரையோடு தேய்வதற்கு, மற்றொன்று வேகம் கூடக்கூட வளரும் தடைக்கு.

அந்த இரண்டு எண்கள் எங்கிருந்து வருகின்றன என்று படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. வீட்டளவுப் பாறைகளை வைத்து எந்த ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது? முன்பு எங்கோ ஓடிய சரிவைக் கணினியில் மறுபடி ஓடவிடுகிறார்கள். உண்மையில் எங்கே நின்றதோ அங்கேயே அது வந்து நிற்கும்வரை எண்களைத் திருத்துகிறார்கள். சுவரில் சேறு ஏறிய உயரமும் வளைவில் மண் எகிறிய தடமும்தான் சாட்சி. வருவதைச் சொல்லும் இந்தக் கணிப்பு, அடிமுதல் நுனிவரை, செத்தவர்கள் விட்டுப்போன நினைவு.

அந்த நினைவு முண்டக்கைக்கும் இருந்தது. 1984-இல் அங்கே உருள்பொட்டி உயிர்கள் போயின. 2024-இல் பொட்டிய அதே இடத்தில் பழைய சரிவின் தழும்பு செயற்கைக்கோள் படத்தில் முன்பே பதிவாகியிருந்தது.

சூரல்மலையில் மண்ணுக்கு மேலே நின்ற சுவர்களில் சேற்றுக்கோடு இருந்தது. அந்தக் கோட்டின் உயரம் இனி வேறொரு பள்ளத்தாக்கின் கணக்கில் ஏறும். அங்கே ஓடைக்கரையில் இப்போது யாரோ அடுப்பு மூட்டிக்கொண்டிருப்பார்கள்.