ஆதியும் வியாதியும்: கருவின் மூச்சு எழுப்பும் கேள்வி

நங்கநல்லூரில் ஒரே கல்லில் 32 அடி உயரத்தில் நின்றருளும் அனுமனின் முழுப்பெயர் ஆதிவியாதிஹர பக்த ஆஞ்சநேயர். இப்பெயரில் ஆதி என்பது மனத்தைப் பற்றும் துயரையும், வியாதி என்பது உடலைப் பற்றும் நோயையும், ஹர என்பது அவற்றைப் போக்குதலையும் குறிக்கும். இரண்டையும் ஒரே சந்நிதியில் சேர்த்து வணங்கிய மரபு, அவற்றுக்கு இரு வேறு சொற்களை வைத்திருந்தது என்பது சிந்திக்கத்தக்கது. பிறக்குமுன் பிராணவாயு குறைந்ததால் மூளை பாதிக்கப்பட்ட குழந்தையைக் கண்டு ‘இது யார் செய்த வினை?’ என்று கேட்பவர், வியாதியைப் பற்றிய கேள்வியையும் ஆதியைப் பற்றிய கேள்வியையும் ஒன்றாக்கிவிடுகிறார்.

வியாதியின் வழியை உடலியல் தெளிவாகச் சொல்கிறது. கருவிலுள்ள சிசு தன் நுரையீரலால் பிராணவாயுவைப் பெறுவதில்லை. தாயின் மூச்சில் வந்த பிராணவாயு நச்சுக்கொடியில் சிசுவின் குருதிக்கு மாறி, தொப்புள்கொடி வழியே அதன் உடலை அடைகிறது. நச்சுக்கொடி முன்னதாகவே பிரிந்தாலோ தொப்புள்கொடி நசுங்கினாலோ இவ்வழி தடைபட்டு, மூளையின் உயிரணுக்கள் ஆற்றல் இழக்கின்றன. அப்போது, அணுக்களிடையே செய்தி கடத்தும் குளுட்டமேட் என்னும் பொருள் அளவுக்கு மீறித் தேங்கி, அணுச்சவ்விலுள்ள சில வாயில்களைத் திறந்துவிட, கால்சியம் உள்ளே பாய்ந்து அணுவை அழிக்கிறது. இயல்பான காலத்தில் அவ்வாயில்களுக்கு அடைப்பாக இருப்பது மக்னீசியம். ஆற்றல் குன்றிய அணுவில் அந்த அடைப்பு விலகிவிடுகிறது.

அதே மக்னீசியத்தின் உப்பு ஒன்று, பேதியுப்பு என்ற பெயரில் நெடுங்காலமாக அறியப்பட்டது. மக்னீசியம் சல்பேட் எனப்படும் அது ஊசிமருந்தாகக் கர்ப்பகால வலிப்பைத் தடுப்பதை, 33 நாடுகளில் சுமார் 10,000 பெண்களிடம் நடத்தப்பட்டு 2002இல் வெளியான மேக்பை ஆய்வு உறுதிசெய்தது. குறைமாதத்தில் பிரசவமாகவிருக்கும் தாய்க்கு அதைச் செலுத்தினால் சிசுவின் மூளைக்கும் காப்பு கிடைக்குமா என்று ஆராய்ந்த, 6,145 குழந்தைகளை உள்ளடக்கிய ஐந்து ஆய்வுகளின் 2009ஆம் ஆண்டுத் தொகுப்பு, மூளை முடக்குவாதம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவதைக் காட்டியது. 32 வாரங்களுக்கு முன் பிரசவம் நெருங்கும் நிலையில் இம்மருந்தைக் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் பரிந்துரைத்தது. நிறைமாதச் சிசுவுக்கு ஏற்படும் மூச்சுத்திணறலில் இதே பயன் உறுதியாகவில்லை என்பதையும், அளவு மீறினால் தாயின் மூச்சையே இது அடக்கிவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். அவ்வாறு அடங்கும் மூச்சை மீட்க மாற்றாகச் செலுத்தப்படுவது கால்சியம். ஓரிடத்தில் அழிப்பது மற்றோரிடத்தில் காப்பதால், நஞ்சு, அமுது என்னும் பெயர்கள் பொருளுக்கு உரியவை அல்ல, அளவுக்கும் இடத்துக்கும் உரியவை என்பது இங்கு விளங்குகிறது.

அத்தொகுப்பின் மற்றொரு கணக்கு தத்துவத்துக்கு நெருக்கமானது. ஏறத்தாழ 63 கர்ப்பிணிகளுக்கு மருந்து கொடுத்தால் ஒரு குழந்தை முடக்குவாதத்திலிருந்து தப்புகிறது. அது எந்தக் குழந்தை என்பது மருத்துவருக்கும் தெரியாது, பெற்ற தாய்க்கும் தெரியாது. பயனைக் கருதாமல் செயலைச் செய்க என்று கீதை வகுத்த நெறி, நன்றி சொல்ல ஆளில்லாத இந்தச் செயலில் அன்றாட நடைமுறையாகிறது.

சைவ சித்தாந்தம் வினையைச் சேர்ந்து கிடக்கும் சஞ்சிதம், இப்போது நுகரப்படும் பிராரத்தம், இனிமேல் ஈட்டப்படும் ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கிறது. பிறர் குழந்தையின் துன்பத்தைப் பிராரத்தம் என்று சொல்லி விலகி நிற்பவர், அந்த விலகலே தமக்கு ஆகாமியமாகிறது என்பதை மறந்துவிடுகிறார். வினைக் கோட்பாடு தன் துன்பத்தைத் தானே பொறுப்பதற்கு ஒருவருக்குத் துணையாகலாம். அடுத்தவர் துன்பத்துக்குக் காரணம் கற்பிக்க அது கருவியாகும்போது அறத்திலிருந்து வழுவுகிறது. திருமந்திரத்தின் கர்ப்பக்கிரியைப் பகுதியும் பிறக்கும் குழந்தையின் குறைகளுக்கு உடல்நிலையிலேயே காரணம் தேடுகிறது. அது கூறும் காரணங்களை இன்றைய மருத்துவம் ஏற்காவிடினும், வியாதிக்கு உடலில் விடை தேடுவது நம் மரபுக்குப் புறம்பானதன்று என்பதற்கு அது சான்றாகும்.

அனுமனின் கதையே இதற்கு உரைகல். வான்மீகி இராமாயணத்தின்படி, இந்திரனின் வச்சிரத்தால் அடிபட்டுக் குழந்தை அனுமன் வீழ்ந்தபோது, தந்தையாகிய வாயு தன் இயக்கத்தை நிறுத்திக்கொள்ள, உலகத்து உயிர்களெல்லாம் மூச்சின்றித் தவித்தன. அங்கு வந்த பிரமன் குழந்தையின் முற்பிறப்பை விசாரிக்கவில்லை. கையால் தொட்டான், குழந்தை எழுந்தது, காற்று மீண்டும் வீசியது.

ஆகவே வியாதிக்குரிய இடத்தில் மருந்தும் ஆதிக்குரிய இடத்தில் ஆறுதலும் நிற்கவேண்டும். ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடித்துக்கொள்ளலாகாது. குறைமாதத்தில் வலி கண்ட பெண்ணைக் காலம் தாழ்த்தாமல் மருத்துவமனையில் சேர்ப்பதும், பாதிக்கப்பட்ட குழந்தையின் தாயிடம் வினையைப் பற்றி ஒரு சொல்லும் பேசாதிருப்பதும், ஆதிவியாதிஹரனை வணங்குவோர் அனைவருக்கும் உரிய கடமைகள்.